‘பாசிடிவ்’ என்றொரு சொல்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலையில் கீழ் கோத்தகிரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டின் முன்னறைதான் கூடுமிடம். மழைக்காலத்தில் மின்சாரம் இருக்காது, பனிக்காலத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரு சிறுகதையோ கட்டுரையோ படித்துவிட்டுச் சண்டையிட்டுப் பிரிவோம். சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், மொழிபெயர்ப்புக் கலைச்சொற்களைப் பற்றி வழக்கமான சண்டை சூடு பிடித்திருந்த வேளையில், எங்களிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படிக்கும் இளைஞர் ஒருவர் எல்லோரும் கலையும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு, திருப்பித் தரவேண்டிய புத்தகத்தின் நடுவிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ‘இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்’ என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

அது அவருடைய அக்கா மகனின் பரிசோதனை அறிக்கை. பையனுக்குப் பதினொரு வயது. கழுத்தில் நெறி கட்டியது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, அடிபடாமலே உடம்பில் நீலம் பாரித்தது. கோத்தகிரியில் பார்த்து, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கையை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அறிக்கையை வாங்கப் போனவர் இந்தத் தாய்மாமன். பிளஸ் டூ வரை படித்தவர், அந்தக் குடும்பத்தில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் அமர்ந்து அவர் அதைப் படித்தார். முதல் பக்கம் நிறைய வண்ணப் புள்ளிகள். அடுத்த பக்கத்தில் ஒரு பட்டியல்: சிடி3, சிடி5, சிடி7, சிடி4, சிடி8 என்று வரிசையாக எழுத்தும் எண்ணும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாசிடிவ், பாசிடிவ், பாசிடிவ். கீழே சில நெகடிவ்கள்.

பள்ளியில் எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பில் ‘சிடி ஃபோர்’ என்ற சொல்லை அவர் கேட்டிருக்கிறார். ‘பாசிடிவ்’ என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வரியில் இருந்தன. பதினொரு வயதுப் பையனுக்கு எப்படி வந்தது என்று யோசித்தவர், யோசனை அடுத்து எங்கே போகும் என்று புரிந்ததும் தாளை மடித்துவிட்டார். அக்காவைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் ஊர் என்ன பேசும் என்பதுதான் அந்த ‘எங்கே’. திங்கட்கிழமை அவர்கள் கோவைக்குப் போகவில்லை. தாள் பதினொரு நாள் புத்தகத்துக்குள் இருந்தது. இதற்குள் அக்காவிடம் மட்டும் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். அவள் மகனுடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தாள்.

எங்களில் ஒருவருடைய மகள் கோவையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் அவளிடம் அறிக்கையின் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும், மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. ‘இது பிளட் கேன்சர் மாமா. எச்.ஐ.வி. இல்ல. உடனே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நாளைக்கே’ என்றாள். டி செல் வகையைச் சேர்ந்த தீவிர ரத்தப் புற்றுநோய். குழந்தைகளில் முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடியது, காலம் தாழ்த்தினால் விரைந்து முற்றக்கூடியது. மறுநாள் முதல் பேருந்தில் அவர்கள் போனார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பதினொரு நாட்களைப் பற்றியது. மருத்துவமனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறிக்கையில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. தவறே இல்லாத ஒரு தாள் ஒரு குடும்பத்தை இப்படிச் செய்ய முடியும் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. சொற்களோடு புழங்குகிறவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா?

அந்தப் பட்டியலில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ரத்தத்தின் வெள்ளையணுக்களில் சில வகைகள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒவ்வொரு வகை அணுவின் மேற்பரப்பிலும் உள்ள புரதங்கள் வேறு. எந்தப் புரதம் இருக்கிறது என்று கண்டுகொண்டால் அணு எந்தக் குலத்தைச் சேர்ந்தது, வளர்ச்சியின் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கண்டுகொள்வதற்கான கருவி எதிர்ப்பொருள். ஈழத்தில் இதைப் ‘பிறபொருளெதிரி’ என்பார்கள், அழகான சொல். பூட்டுக்குச் சாவிபோல ஒரேயொரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளைத் தயாரித்து, அதன் வாலில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டிவிட்டால், அந்தப் புரதம் உள்ள அணுக்கள் மட்டும் லேசர் வெளிச்சத்தில் மின்னும்.

சாயம் கட்டும் யோசனை பழையது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவர் செய்து காட்டியது. நீலகிரிக்காரர்களான எங்களுக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமும் அல்ல. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயர் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நாய்க்கடியோடும் வயிற்றில் போடும் ஊசிகளோடும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நாய்க்கு வெறி இருந்ததா என்று உறுதிசெய்ய உலகெங்கும் முதன்மையாகக் கொள்ளப்படும் சோதனை இதே தத்துவத்தில் அமைந்ததுதான். இறந்த விலங்கின் மூளைத் துணுக்கின்மேல் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை இட்டால், வெறிநோய்க் கிருமி இருக்குமிடம் பச்சையாய் ஒளிரும்.

ஒரேயொரு இலக்கை மட்டும் தேடும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்வது 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் செய்த காரியத்தால் கைகூடியது. எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் அணுவையும் சாகாமல் பெருகும் புற்று அணுவையும் ஒன்றாக இணைத்தார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கலப்பு அணுவுக்கு ‘ஹைப்ரிடோமா’ என்று பெயர் வைத்தவர் லெனார்ட் ஹெர்சன்பர்க். ஒளிரும் அணுக்களை எண்ணிப் பிரிக்கும் இயந்திரத்தை ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவரும் அவர்தான். விடுப்பில் மில்ஸ்டீனின் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது வைத்த பெயர் அது. விஞ்ஞானிகளும் வேலைக்கு நடுவில் சொல்லாக்கம் செய்கிறவர்கள்தாம். இன்னொரு செய்தியும் நமக்குச் சுவையானது. புரதங்களுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பியிருந்தார்கள். இன்று சிடி4 எனப்படுவதே ஓரிடத்தில் டி4, இன்னோரிடத்தில் லியூ-3. 1982இல் பாரிஸில் கூடி, பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு எண் போட்டுவிட்டார்கள். இன்று அந்த எண்வரிசை முந்நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது. நம் இலக்கியக் குழுக்களின் பெயர்ச் சண்டைகளுக்கும் யாராவது இப்படி எண் போட்டால் தேவலை.

சாயங்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிகப் பளிச்சென்று ஒளிரும் சாயங்களில் ஒன்றான ஃபைகோஎரித்ரின் கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ஆழத்தில் மங்கிவரும் வெளிச்சத்தைப் பிடிக்கப் பாசி தனக்காகச் செய்துகொண்ட நிறமி அது. மண்டபம் பக்கம் மூச்சடக்கி மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோவொரு செடியின் செம்மை, எங்கோ ஒரு பரிசோதனைக்கூடத்தில், மலைமேலிருந்து வந்த ஒரு பையனின் அணுவில் ஒட்டி மின்னுகிறது.

பையனின் தந்தை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். சிகிச்சை தொடங்கிய பிறகு ஒருநாள் எங்களிடம் வந்து, அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நாங்கள் எதிர்ப்பொருள், புரதம், லேசர் என்று தொடங்கியதும் அவர் முகம் மரியாதையாக வெறுமையாயிற்று. அப்போது எங்களில் ஒருவருக்கு அவர் நிற்கும் இயந்திரமே நினைவுக்கு வந்தது. இன்று பல தொழிற்சாலைகளில் ‘கலர் சார்ட்டர்’ இருக்கிறது. தேயிலைத் தூள் மெல்லிய அருவிபோலக் கீழே விழும், கேமரா ஒவ்வொரு துணுக்கின் நிறத்தையும் பார்க்கும், காம்போ நாரோ தென்பட்டால் அந்தக் கணமே காற்று பீய்ச்சி அதை மட்டும் ஒதுக்கிவிடும். ‘அதேதான் இது. இலைக்குப் பதில் ரத்த அணு. ஒவ்வொன்றாக வரிசையில் லேசரைக் கடந்து போகும். சாயம் ஒட்டியிருந்தால் மின்னும், இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.’

அவர் உடனே பிடித்துக்கொண்டார். அதோடு எங்களைத் திருத்தவும் செய்தார். ‘எங்க மெஷின்ல நார் தானாவே செவப்பா இருக்கும், சாயம் போட வேண்டியதில்ல. இங்க எல்லாம் ஒரே நெறம், அதனால சாயம் போட்டுக் காட்டறாங்க. அப்படித்தானே?’ அப்படித்தான். ‘சாயத்தை உடம்புக்குள்ள ஏத்துறாங்களா?’ இல்லை, எடுத்த ரத்தத்தில், மஜ்ஜையில், வெளியே குழாயில்தான். ‘அங்க எதை வெச்சு ஒதுக்குவாங்க, காத்தா?’ மருத்துவமனைச் சோதனையில் பெரும்பாலும் எண்ணுவதோடு சரி. பிரித்தெடுக்கும் இயந்திரங்களில் அணுவைச் சுமந்த நீர்த்துளிக்கு மின்னூட்டம் கொடுத்து வளைத்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு யாரோ சிரித்தது அன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

ஆக, ‘சிடி4 பாசிடிவ்’ என்றால் அந்த அணுக்களில் சிடி4 என்ற புரதம் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். நலமாக இருக்கும் ஒவ்வொருவர் ரத்தத்திலும் சிடி4 உள்ள அணுக்கள் உண்டு. எச்.ஐ.வி. அந்த அணுக்களைத்தான் தாக்குகிறது, அதனால் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. சிடி4 இல்லாமற்போவதுதான் அங்கே கவலை. தாய்மாமன் படித்த பொருள் தலைகீழானது.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ‘பாசிடிவ்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அதன்பின் அச்சம், பிறகு விழிப்புணர்வு, 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் புள்ளிராஜா. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு இடங்களில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் மருந்து என்பது பொதுவான அளவுகோல். அன்றிலிருந்து அந்த எண் பல்லாயிரம் பேருக்கு மதிப்பெண்போல ஆயிற்று. 2017இல், எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உள்ள எல்லோருக்கும் மருந்து என்று கொள்கை மாறியது. கொள்கை மாறினாலும் சொல்லின் மேல் படிந்த கறை போகவில்லை. ஒரு சொல் ஒருமுறை ஒரு நோய்க்கு வாழ்க்கைப்பட்டுவிட்டால் அதை எளிதில் மீட்க முடியாது.

சொல்லை மாற்றலாமே என்றார் எங்கள் கூட்டத்தின் தனித்தமிழ் அன்பர். அவர் தந்த மாற்று: நேர்மறை, எதிர்மறை. பாடப்புத்தக மொழிபெயர்ப்பின் எல்லாக் குறைகளும் இந்த இரண்டு சொற்களில் இருக்கின்றன. நேர்மறை என்றால் நம் காதுக்கு ‘நல்லது’, ‘நேர்மறைச் சிந்தனை’யின் உறவு. எதிர்மறை என்றால் கெட்டது. புற்றுநோய் அறிக்கையில் நேர்மறை என்று படித்து ஒரு தாய் மகிழ்ந்து போவாள். ஆங்கிலச் சொல்லின் குழப்பத்தைக் களையாமல் அதன்மேல் இன்னொரு குழப்பத்தை ஏற்றும் வேலை இது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கியவர். பெ. நா. அப்புசுவாமி, கோவையிலிருந்து கலைக்கதிர் நடத்திய ஜி. ஆர். தாமோதரன் என்று அந்த மரபு நீண்டது. அதன் பெருமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு சொற்பட்டியல் தயாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அந்தப் பட்டியலை நோயாளி யாராவது படித்தாரா என்று ஒருமுறையாவது கேட்டுப்பார்க்க வேண்டும்.

2020இல் கொரோனாக் காலத்தில் நம் நாளிதழ்கள் இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டன. நேர்மறை என்று எழுதாமல் ‘தொற்று உறுதி’ என்று எழுதின. மொழிபெயர்க்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன. அதே வழியில் போனால், அணு அறிக்கைக்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் தொல்காப்பியர் காலத்திலிருந்தே இருக்கின்றன: உண்டு, இல்லை. சிடி4 உண்டு. சிடி19 இல்லை. குழந்தைக்கும் புரியும், மருத்துவத்துக்கும் பிழையில்லை.

மருத்துவ நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு மறுத்தார். ‘அது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம். நோயாளி படிப்பதற்கானதே அல்ல. பாதி தெரிந்துகொள்வது தெரியாமல் இருப்பதைவிட ஆபத்து.’ அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அந்தக் கடிதத்துக்குத் தபால்காரர் நோயாளியேதான். உறை ஒட்டப்படுவதில்லை. கோவையிலிருந்து கீழ் கோத்தகிரிவரை பேருந்தில் மூன்று நான்கு மணி நேரம் அது மடியில் கிடக்கிறது. மனிதன் படிக்கத்தான் செய்வான். படிக்கவே கூடாது என்றால் கையில் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் படிப்பதற்கு ஒரு வரியாவது எழுதித் தரவேண்டும். நாங்கள் கேட்பது அறிக்கையின் மொழிபெயர்ப்பை அல்ல. அதோடு சேர்த்துக் குத்தித்தர ஒரு பக்கம், தமிழில், வந்த பேருந்திலேயே புரியும்படியாக.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நாங்கள் நேர்மையற்றவர்களாவோம். மறுநாள் காலை பேருந்து ஏறும்முன், ‘அந்த நோய் இல்லம்மா, புற்றுநோய்தான்’ என்று அந்தத் தாயிடம் சொன்னபோது அவள் கைகூப்பி, ‘அப்பாடா’ என்றாள். எங்களுக்கும் அந்தக் கணத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் அந்த நிம்மதி உறைத்தது. உயிருக்கு உடனடி ஆபத்தான ஒன்றைச் சொல்லி, நாள்தோறும் மாத்திரை எடுத்தால் பல்லாண்டு வாழக்கூடிய ஒன்று இல்லை என்பதற்காக நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டிருக்கிறோம். அதே லயன் வரிசையில் உண்மையிலேயே அந்தத் தொற்றோடு ஒருவர் இருந்திருந்தால், தனியே எடுத்து வைக்கப்பட்ட தட்டும் டம்ளரும் அவருக்கு என்றென்றைக்கும் அப்படியே இருந்திருக்கும். தொற்றைக் காரணம் காட்டி ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் சமையலறைக்குள் வருவதில்லை.

பையனுக்குச் சிகிச்சை தொடர்கிறது. முழுதும் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இப்போது வீட்டிலிருந்தே மாத்திரை, குறித்த நாட்களில் கோவைப் பயணம். முடி மறுபடி முளைத்திருக்கிறது. முன்னறைக் கூட்டத்துக்கு மாமனோடு வந்து, படக்கதைகள் எதுவும் இல்லாத எங்கள் அலமாரியை அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போகிறான்.

அந்தத் தமிழ்ப் பக்கத்தை நாங்களே எழுதிப் பார்த்தோம். நான்கு ஞாயிறுகள் ஆயின. தேயிலைத் தொழிற்சாலைக்காரர் இருபத்தேழு சொற்களை அடித்தார், மருத்துவ நண்பர் மூன்று வாக்கியங்களைத் திருத்தினார். கலர் சார்ட்டர் உவமை சமவெளிக்காரர்களுக்குப் புரியாது என்று அதை நீக்கச் சொன்னார், அதற்கு மட்டும் நாங்கள் இணங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரியில் கூட்டம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ‘இந்தத் தாளில் வரும் பாசிடிவ் என்ற சொல் எச்.ஐ.வி.யைக் குறிப்பதல்ல’ என்பது அந்த வரி. அது இருந்தால் இன்னொரு குடும்பத்துக்குப் பதினொரு நாள் மிச்சமாகும் என்கிறது ஒரு பாதி. நாமே அச்சடித்து ஊர் ஊராக அந்த அச்சத்தை உறுதிப்படுத்துகிறோம் என்கிறது மறுபாதி. அடுத்த இரண்டாவது ஞாயிறும் இதைத்தான் பேசப்போகிறோம். கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், முடிந்தால் நேரிலும் வாருங்கள். ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டும்.